நோபல் வாங்கிய வித்தை, பாம்புக்கடிக்கு எப்போது?



மூட்டுவாதத்துக்கு அடாலிமுமாப் ஊசி போட்டுக்கொள்ளும் நம் காலடிப்பேட்டைப் பெண் ஒருத்தி, "சார், இதை எப்படிக் கண்டுபிடிச்சாங்க?" என்று கேட்டாள். நல்ல கேள்வி.

பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸுக்கு ஃபேஜ் என்று பெயர். 1985இல் அமெரிக்காவின் ஜார்ஜ் ஸ்மித், ஃபேஜின் மேலுறைப் புரதத்துக்கான மரபணுவில் வேறொரு மரபணுத் துண்டைச் சேர்த்தார். அந்தத் துண்டுக்குரிய புரதம் வைரஸின் வெளிப்புறத்தில் வந்து நின்றது. வெளியே சரக்கு, உள்ளே அதன் செய்முறைச் சீட்டு. இப்படிக் கோடிக்கணக்கான வகைகளைச் செய்து, நமக்கு வேண்டிய இலக்கு பூசிய தட்டில் விட்டு அலசுவார்கள். ஒட்டாதது போய்விடும். ஒட்டியதைப் பாக்டீரியாவில் பெருக்கி மறுபடி அலசுவார்கள். சௌகார்பேட்டையில் நகைப் பட்டறை வாசல் மண்ணை அரித்துத் தங்கத்தூள் எடுப்பார்களே, அதே வேலைதான்.

இங்கிலாந்தின் கிரெக் வின்டர் இதை ஆன்டிபாடிக்குக் கொண்டுவந்தார். 2018 வேதியியல் நோபலில் இருவருக்கும் பங்கு உண்டு. இந்த வழியில் பிறந்து 2002இல் அனுமதி பெற்ற அடாலிமுமாப், 2022இல் மட்டும் 2,000 கோடி டாலருக்கு மேல் விற்றது. 2014இல் நம் நாட்டு ஜைடஸ் இதே மருந்தின் மாற்றுவடிவத்தைக் குறைந்த விலையில் விற்க ஆரம்பித்தது. சந்தோஷம்.

என் ஆதங்கம் வேறு. இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 58,000 பேர் பாம்புக்கடியால் சாகிறார்கள் என்பது 2020இல் வெளியான மதிப்பீடு. அதற்கு இன்றும் குதிரைக்கு விஷம் ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்துதான் மருந்து. அந்த விஷத்தை எடுத்துத் தரும் வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கத்தாரின் திறமைக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் குதிரைப் புரதம் பலருக்கு ஒவ்வாமை தருகிறது. உயிர் காக்கும் ஊசியே சிலரைப் படுத்திவிடுகிறது.

வழி இல்லாமல் இல்லை. 2024இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸும் சேர்ந்து, ஃபேஜுக்குப் பதில் ஈஸ்ட் செல்லில் ஆன்டிபாடிகளைக் காட்டி அரித்து, ஒன்றைப் பிடித்தார்கள். நாகம், கட்டுவிரியன் இனங்களின் ஒரு வகை நரம்பு நச்சை அது முறித்தது, எலிகள் பிழைத்தன. கண்ணாடிவிரியன் நச்சுக்கு வேறு ஆன்டிபாடிகள் வேண்டும். வேலை பாக்கி நிறைய.

கடிபடுகிறவர் வயலில் நாற்று நடுகிறவர். அவரை நம்பி எந்தக் கம்பெனியும் பணம் போடாது. அரசுதான் போட வேண்டும். 1899 முதல் கிண்டியில் நம் கிங் இன்ஸ்டிடியூட் இருக்கிறதே, அங்கே ஏன் தொடங்கக்கூடாது? பயோடெக் படித்துவிட்டு மருந்துக் கம்பெனிகளில் இருக்கும் என் பிள்ளைகளே, இதற்கு என்னென்ன வேண்டும் என்று கமென்ட்டில் எழுதுங்கள். மனு எழுதும் வேலை என்னுடையது.