கருந்திரை கண்டு கலங்குவதா?

தோழனே,

சென்ற கிழமை கூட்டம் முடிந்து மேடையினின்றும் இறங்கினேன். ஒலிபெருக்கி ஓய்ந்துவிட்டது, மாலைகள் வாடிவிட்டன. கூட்டம் கலைந்த பின்னரும் கலையாமல் நின்றிருந்தான் ஓர் இளைஞன். நம்மவன். சுவரொட்டி ஒட்டிய இரவுகளில் பசை வாளி சுமந்தவன். இன்று ஒரு நிறுவனத்தில் கணினிகளைக் காத்து வரும் நிர்வாகி. “அண்ணே, ஓர் ஐயம்” என்றான். அரசியல் ஐயமென எண்ணிச் செவி சாய்த்தேன். அவன் கேட்டதோ இயங்குதளத்தைப் பற்றி!

இரண்டு பயிற்சிகளைக் காட்டி, வெள்ளிக்கிழமைக்குள் ஒன்றைத் தேர்ந்தெடு என்கிறதாம் அலுவலகம். ஒன்று, எட்டு ஆண்டுகளாக அவன் பழகிய விண்டோஸில் மேல்நிலைப் பயிற்சி. மற்றொன்று, அவன் தொட்டும் பாராத லினக்ஸ். “பழகியதை எடுத்தால் முதல் வரிசையில் அமர்வேன், அண்ணே. மற்றதை எடுத்தால் கடைசி வரிசை. நேற்றுச் சேர்ந்த பிள்ளைகளெல்லாம் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள்” என்றான்.

கவனித்தாயா, தோழனே? அவன் அஞ்சியது பாடத்துக்கு அன்று; சிரிப்புக்கு!

கல்லூரியைப் பாதியில் விட்டு வெளியேறியவன் நான். அந்தச் சிரிப்பின் சூடு எத்தகையது என்பதை அறிவேன். ஆனால், நாடக மேடை எனக்கு வேறொன்றையும் கற்பித்தது. அரசன் வேடம் ஒன்றையே கட்டிப் பழகிய நடிகன், அரசனில்லாத நாடகம் வந்த அன்று வேலையற்றவனாகிறான். அவனிடம் திறமை இல்லாமற் போகவில்லை. அவன் திறமைக்கு ஒரே ஓர் உடைதான் இருந்தது!

லினக்ஸ் என்ன, நேற்று முளைத்த காளானா? 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் உருவாக்கத் தொடங்கிய யூனிக்ஸின் வழியில் வந்தது அது. 1991இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், அதன் கருவை எழுதி உலகுக்கு அளித்தார். எவரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறர்க்கு வழங்கலாம் என்ற உரிமத்தோடு அது வளர்ந்தது. 2017 நவம்பரில் வெளியான பட்டியலில், உலகின் விரைவுமிக்க ஐந்நூறு மீக்கணினிகளில் ஐந்நூறும் லினக்ஸில் இயங்கின! அவ்வளவு தொலைவு போவானேன்? நம் தம்பியின் சட்டைப்பையிலிருந்த ஆண்ட்ராய்டு கைப்பேசியின் கருவும் லினக்ஸே. நாள்தோறும் நெஞ்சருகே சுமந்து திரிவதை, அந்நியம் என்று அஞ்சுகிறான்!

இன்னொரு வேடிக்கையும் கேள். 2001இல் மைக்ரோசாஃப்டின் தலைவராயிருந்த ஸ்டீவ் பால்மர், லினக்ஸைப் புற்றுநோய் என்று வருணித்தார். 2016இல் அதே நிறுவனம், விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் கருவிகளை இயக்க வழி செய்தது. அடுத்த ஆண்டே, தன் எஸ்கியூஎல் சர்வரை லினக்ஸிலும் ஓடவிட்டது. கதவை அடைத்தவரே பந்தல் போட்டு வரவேற்ற பின்னர், காவல்காரன் மட்டும் கம்பை ஓங்கி நிற்பதோ?

கடினம் இல்லை என்று நான் பசப்ப மாட்டேன். சி என்றும் டி என்றும் தனித்தனி அறைகளுக்குப் பழகியவனுக்கு, எல்லாக் கோப்புகளும் ஒரே வேரிலிருந்து கிளைக்கும் மரம் திகைப்பூட்டும். பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் அங்கே வெவ்வேறு பெயர்கள். கட்டளையிட்டு அழித்த கோப்பு, குப்பைத் தொட்டியில் காத்திருக்காது, போனது போனதுதான்! உரிமையாளன், குழு, மற்றையோர் என மூவகையாகப் பிரித்து, யார் படிக்கலாம், யார் எழுதலாம், யார் இயக்கலாம் என்று வரையறுக்க வேண்டும். ஆனால், இதைக் கற்றவனுக்கு விண்டோஸும் புதிதாய் விளங்கும். பொத்தானை அழுத்தியவன், பொத்தானுக்குப் பின்னே நடப்பது என்ன என்று கேட்கத் தொடங்குவான். கேள்வி கேட்பவனே கற்றவன், அழுத்துபவன் பழகியவன். இரண்டும் ஒன்றல்ல!

“அப்படியானால் விண்டோஸை வீசியெறிவதா?” என்பாய். இல்லை, தோழனே. இயங்குதளம் கருவி, அது வழிபடும் சிலையன்று. ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி, லினக்ஸுக்கு மாறுவதென 2003இல் முடிவெடுத்தது, மாறியும் காட்டியது. 2017இல், விண்டோஸுக்கே திரும்புவதென அதே நகர மன்றம் தீர்மானித்தது. மன்றத்தார் மனம் மாறலாம். மாற்றி அமைக்கும் கைகள் மட்டும் இரு முறையும் தேவைப்பட்டன. இரண்டும் அறிந்த கைக்கு என்றும் வேலையுண்டு. ஆயின், உன் அலுவலகத்தில் ஒரு லினக்ஸ் சர்வர்கூட இல்லை, நாளை வரும் அறிகுறியும் இல்லை என்றால், பழகியதை ஆழப்படுத்துவதே அறிவுடைமை. பயிற்சிக்குப் பின் கை வைக்க இயந்திரம் இல்லையேல், கற்றது கரைந்துபோகும்.

நம் தம்பியின் நிறுவனத்திலோ, சர்வர்களில் பாதி ஏற்கெனவே லினக்ஸில் ஓடுகின்றனவாம்! நள்ளிரவில் அவை நின்றுவிட்டால், வெளியாளை அழைக்கிறார்களாம். இவன் அருகே நின்று பார்க்கிறானாம். சொந்த வீட்டிலே விருந்தாளி! இனியும் ஐயம் எதற்கு?

ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னேன். பயிற்சிக் கட்டணத்தை நிறுவனம் ஏற்கட்டும். வேலை நேரத்தில் இடம் கொடுக்கட்டும். தவறு செய்து பழக ஒரு தனிக் கணினி தரட்டும். நிறுவனத்தின் தேவைக்கு உன் ஞாயிறுகளைக் காவு கேட்டால், கைகூப்பாதே, கணக்குக் கேள்! சான்றிதழிலும் விழிப்போடு இரு. ரெட் ஹேட் நடத்தும் நிர்வாகித் தேர்வில், விடைக்குப் புள்ளியிட்டுத் தப்ப முடியாது; ஓடும் கணினியில் செய்து காட்ட வேண்டும். வசனத்தை ஒப்பிப்பவனுக்கு அங்கே வழியில்லை; நடிக்கத் தெரிந்தவனுக்கே கைதட்டல்.

தம்பி சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “கருந்திரையில் ஒரு குறி மட்டும் மின்னுகிறது, அண்ணே. என்ன தட்டுவதென்றே தெரியாமல் கை நடுங்குகிறது” என்றான்.

“நாடகம் தொடங்குமுன் அரங்கம் இருட்டாகத்தான் இருக்கும், தம்பி. முதல் வசனத்தை நீ பேசு” என்றேன்.

வெள்ளிக்கிழமை கடைசி வரிசையில் போய் அமர்ந்தானாம். சிரித்தவர்கள் இருவராம். மூன்றாமவன், நகர்ந்து இடம் கொடுத்தானாம்!