குளிர்காலமும் கோல்ப் பந்தும்

கொல்கத்தாவின் தென்பகுதியிலுள்ள டாலிகஞ்சில் கோல்ப் ஆட்டம் நெடுங்காலமாக வேரூன்றியுள்ளது. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே மிகப் பழமையானதாகக் கருதப்படும், 1829இல் தோன்றிய ராயல் கல்கத்தா கோல்ப் கிளப்பின் திடல் இங்கேதான் இருக்கிறது. 1895இல் நிறுவப்பெற்ற டாலிகஞ்ச் கிளப்பும் இப்பகுதியதே. ஜனவரி அதிகாலையில் இங்கு ஆடுவோர், கோடையிற் சென்ற தூரம் பந்து செல்லவில்லையெனக் குறைப்படுவதுண்டு. அக்குறையைச் சிலர் தம் வயதின்மீது சுமத்துவர். தவறான மட்டையை எடுத்துக் கொடுத்ததாகப் பை சுமக்கும் பணியாளரைச் சிலர் கடிந்துகொள்வர். தீர்ப்புக் கூறுமுன் பௌதிகத்தின் சாட்சியத்தையும் கேட்பதே முறை.

முதற் சாட்சி காற்று. கொல்கத்தாவில் ஜனவரி அதிகாலை வெப்பநிலை ஏறத்தாழ 14 டிகிரி சென்டிகிரேடு. ஏப்ரல் பிற்பகலிலோ 35 டிகிரி. கடல்மட்ட அழுத்தத்தில் ஒரு கன மீட்டர் உலர்ந்த காற்று முன்னதில் சுமார் 1.23 கிலோகிராமும், பின்னதில் 1.15 கிலோகிராமும் நிறையுடையது. வேறுபாடு ஏறத்தாழ 7 சதவீதம். அடர்ந்த காற்று பந்தை அதிகமாகத் தடுக்கிறது. எனினும் தூரமும் 7 சதவீதம் குறைந்துவிடுவதில்லை. பின்சுழற்சியுடன் பறக்கும் பந்தை அதே காற்று சற்று அதிகமாகத் தூக்கவும் செய்கிறது. எனவே 200 மீட்டர் செல்லும் அடியில், காற்றினால் மட்டும் நேரும் இழப்புச் சில மீட்டரே.

ஈரக்காற்று கனமானது என்னும் எண்ணமும் பரவலாக உள்ளது. உண்மை இதற்கு மாறானது. நீராவியின் மூலக்கூறு, நைட்ரஜன், ஆக்சிஜன் மூலக்கூறுகளைவிட இலேசானது. ஆதலால் ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் ஈரக்காற்றே இலேசானது. மழைக்காலப் புழுக்கம் ஆடுவோரை வாட்டுமேயன்றிப் பந்தைத் தடுப்பதில்லை.

குளிர் என்ற காரணம் மட்டும் போதாது என்பதற்கு உதகமண்டலம் சான்று. அங்கும் குளிர்தான், ஆயினும் 2,200 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. டாலிகஞ்சின் ஜனவரிக் காற்றைவிட அங்குள்ள காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருப்பதால், பந்து தாராளமாகவே பறக்கும்.

இரண்டாம் சாட்சி பந்தேயாகும். அதன் உட்கருவிலுள்ள செயற்கை ரப்பர் குளிரில் மீள்சக்தி குன்றி, மட்டையைவிட்டுச் சற்றுக் குறைந்த வேகத்துடன் புறப்படுகிறது. மூன்றாம் சாட்சி உடல். விறைத்த தசைகளும் தடித்த கம்பளி உடையும் வீச்சின் வேகத்தைக் குறைக்கின்றன.

பரிகாரம் எளிது. பந்துகளை முந்திய இரவே கதகதப்பான அறையில் வைத்தல் நலம். ஆட்டத்தின்போது வேண்டுமென்றே சூடேற்றிய பந்தை அடிப்பதை விதிகள் தடுக்கின்றன. உடலை நன்கு தளர்த்திக்கொண்டு, ஒருபடி நீண்ட அடிக்குரிய மட்டையை எடுத்தால் போதும்.

பருவந்தோறும் பந்து விழும் இடத்தைக் கண்டு பழகிய பணியாளரின் கணிப்பு வெறும் ஊகமன்று. நீண்ட நாளைய கூர்நோக்கின் பயன். விஞ்ஞானமும் கூர்நோக்கிலேயே தொடங்குகிறது. பனிபடர்ந்த காலையில் பந்து முன்னதாக விழுந்தால், அவரைக் கடிவதற்குமுன் வெப்பமானியை ஒருமுறை பார்ப்பதே அறிவுடைமையாகும்.