கொல்லையிலே தக்காளி

போன இதழில் கீரைப் பாத்தி பற்றி எழுதினேன். அதைப் படித்துவிட்டு அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "அக்கா, தக்காளிச் செடி நன்றாகத்தான் வளருகிறது. காயும் பிடிக்கிறது. ஆனால் காயின் அடிப்பக்கம் கறுத்து, அழுகி விழுந்துவிடுகிறது. என்ன மருந்து அடிக்கலாம்?"

மருந்தே வேண்டாம் என்பதுதான் என் பதில். அதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. ஏனென்றால் நானும் மருந்து அடித்துச் சூடு கண்டவள்.

எங்கள் கொல்லையில் முன்பெல்லாம் தக்காளி வராது. நாலு தென்னை நின்று நிழல் கட்டியிருந்தது. 2018 நவம்பர் 16-ஆம் தேதி விடிகாலையில் கஜா புயல் வந்ததே, அன்றைக்கு நாலும் வேரோடு சாய்ந்துவிட்டன. கீரமங்கலம், வடகாடு பக்கமெல்லாம் தோப்புத் தோப்பாகப் போனபோது எங்கள் நாலு மரம் எம்மாத்திரம்? ஆனாலும் என் வீட்டுக்காரர் ஒரு மாதம் கொல்லைப் பக்கமே போகவில்லை. மரத்தை அறுத்து எடுத்த பிறகு பார்த்தால் கொல்லை பூராவும் பளீரென்று வெயில். சும்மா கிடக்கிறதே என்று பத்து தக்காளி நாற்று வைத்தேன். அப்படி ஆரம்பித்ததுதான் இது.

தக்காளிக்கு முதல் தேவை வெயில். தினமும் ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். இல்லையென்றால் செடி நெடுநெடுவென்று போகுமே தவிர பூக்காது.

பட்டம்

நம் புதுக்கோட்டைப் பக்கத்துக்கு நல்ல பட்டம் கார்த்திகையில் விதைத்து, மழை விட்டதும் மார்கழியில் நடுவதுதான். தைப் பனியில் பூத்து, மாசி பங்குனியில் பழம் கிடைக்கும். இரவு குளிர்ச்சியாக இருந்தால்தான் தக்காளியில் காய் பிடிக்கும். சித்திரை வெயிலில் பூவெல்லாம் கொட்டுகிறதே என்று கவலைப்படாதீர்கள். அது செடியின் குற்றமில்லை, காலத்தின் குற்றம்.

வீட்டுக்குப் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியின் பி.கே.எம். 1 ரகம் தோதானது. பழத்திலிருந்து நாமே விதை எடுத்துக்கொள்ளலாம். நன்கு பழுத்ததைப் பிழிந்து ஒரு நாள் அப்படியே புளிக்க வைத்து, கழுவி, நிழலில் உலர்த்தினால் போதும். பெங்களூரிலிருந்து வருகிற அர்க்கா ரக்‌ஷக் நோய்களைத் தாங்கும். ஆனால் அது ஒட்டு ரகம். அதன் விதையைப் போட்டால் தாயைப் போல் பிள்ளை வராது.

மண்ணும் நடவும்

நம் செம்மண்ணோடு நன்கு மக்கிய தொழுஉரமும் கொஞ்சம் மணலும் கலக்கவும். பச்சைச் சாணம் கூடாது. குழிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு போடுங்கள். 25 நாள் நாற்றை, சாயங்கால வேளையில், செடிக்குச் செடி ஒன்றரை அடி, வரிசைக்கு வரிசை இரண்டு அடி விட்டு நடவும். தண்டைக் கொஞ்சம் ஆழமாகப் புதைத்தால் அதிலிருந்தும் வேர் விடும். நட்ட அன்றே பக்கத்தில் கம்பு ஊன்றி வாழைநாரால் தளர்வாகக் கட்டிவிடுங்கள். பூக்கிற சமயம் காலை வேளையில் கம்பை லேசாகத் தட்டிவிட்டால் மகரந்தம் உதிர்ந்து நன்றாகக் காய் பிடிக்கும்.

போன வருஷம் கத்தரி, மிளகாய் இருந்த இடத்தில் தக்காளி வைக்காதீர்கள். எல்லாம் ஒரே குடும்பம். ஒன்றின் நோய் மற்றதுக்கு ஒட்டும். புகையிலையும் அந்தக் குடும்பம்தான். வெற்றிலை புகையிலை போடுகிறவர்கள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் செடியைத் தொடவேண்டும். எங்கள் வீட்டில் இது சட்டம்!

அடி கறுப்பது ஏன்?

இப்போது அந்தச் சகோதரியின் கேள்விக்கு வருகிறேன். முதல் வருஷம் எனக்கும் இப்படித்தான் காய் கறுத்தது. ஏதோ நோய் என்று பயந்தேன். என் மாமியார்தான் வந்து பார்த்துவிட்டு, "ஒரு நாளைக்குக் குடம் குடமா ஊத்துறே, அப்புறம் நாலு நாளைக்குப் பட்டினி போடுறே. வயித்து வலி வராம என்ன செய்யும்?" என்றார். பஞ்சாயத்துக் குழாயில் தண்ணீர் வருகிற நாளில் கொட்டுவதும், வராத நாளில் விட்டுவிடுவதுமாக நான் இருந்தது நிஜம்தானே!

அத்தை சொன்னதுதான் சரி. காய்க்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேராததால் அடி கறுக்கிறது. அந்தச் சத்தை வேரிலிருந்து காய்க்கு எடுத்துப் போவது தண்ணீர். தண்ணீர் விட்டு விட்டுப் பாய்ந்தால், மண்ணில் சத்து இருந்தும் காய்க்குப் போகாது. முட்டை ஓட்டைப் பொடி செய்து போடு என்பார்கள். தப்பில்லை. ஆனால் அது மண்ணில் கரைய மாதக்கணக்காகும். தண்ணீரை ஒழுங்கு பண்ணாமல் ஓட்டை மட்டும் போட்டுப் பயனில்லை.

நான் செய்வது இதுதான். இரண்டு செடிக்கு நடுவில் பழைய மண்பானையைக் கழுத்துவரை புதைத்து, அடியில் சின்ன ஓட்டை போட்டுத் துணித்திரி செருகி வைத்திருக்கிறேன். பானையை நிரப்பி மூடிவிட்டால் கசிந்துகொண்டே இருக்கும். செடியைச் சுற்றி நிலக்கடலை ஓடும் காய்ந்த சருகும் பரப்பிவிட்டால் ஈரம் காயாது. அரிசி களைந்த தண்ணீர் ஊற்றலாம். சோப்புத் தண்ணீர், உப்புத் தண்ணீர் ஆகாது.

நான் செய்த தவறு

இரண்டாம் வருஷம் காய்ப்புழு வந்தது. பழத்துக்குப் பழம் ஓட்டை. ஆத்திரத்தில் ஒரு கடையில் போய்ச் சொன்னேன். ஒரு பாட்டிலைக் கொடுத்தார்கள். எத்தனை நாள் பழத்தைத் தொடக்கூடாது என்று அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. காலையில் அடித்தேன். சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பையன், நாலு வயசு, வழக்கம்போல வேலிச் சந்தில் புகுந்து வந்து ஒரு பழத்தைப் பறித்துக் கடித்துவிட்டான்.

எனக்குக் கைகால் உதறிவிட்டது. வாயைக் கழுவி, பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். (பாட்டிலைக் கொண்டுபோவது முக்கியம், டாக்டர் முதலில் அதைத்தான் கேட்டார்.) ராத்திரி முழுக்க வைத்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்று காலையில் அனுப்பினார்கள். அவன் அம்மா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "விடுங்கக்கா, வேணும்னா செஞ்சீங்க?" என்றாள். அவள் திட்டியிருந்தால்கூட எனக்கு இத்தனை நாள் உறுத்தியிருக்காது.

அப்புறம்தான் வம்பன் வேளாண் அறிவியல் நிலையத்தில் போய் விசாரித்தேன். பத்துச் செடிக்கு விஷம் எதற்கு? கைதான் மருந்து. தினம் காலையில் இலையைப் புரட்டிப் பார்த்து புழுவைப் பொறுக்கிவிடலாம். ஓரத்தில் துலுக்கச் செவ்வந்தி வைத்தால் அந்துப்பூச்சி அதில் போய் முட்டையிடும். அந்தப் பூவைப் பறித்து அழித்துவிடலாம். இலை சுருண்டு, செடி குட்டையாகிப் போனால் அது வைரஸ். வெள்ளை ஈ பரப்புவது. அதற்கு மருந்து கிடையாது. அந்தச் செடியைப் பிடுங்கிப் புதைத்துவிடுங்கள். மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவிக் கட்டினால் ஈ ஒட்டிக்கொள்ளும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் வேப்பெண்ணெய், சில துளி சோப்புக் கரைசல் கலந்து வாரம் ஒருமுறை சாயங்காலம் தெளிக்கலாம்.

பழுத்த பின்

2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது ஞாபகம் இருக்கும். ஆனியிலும் ஆடியிலும் என் செடியிலும் பழம் கிடையாது. ஆனால் பங்குனியில் மிஞ்சியதை நறுக்கி, உப்புப் போட்டு, மொட்டை மாடியில் காயவைத்த வற்றல் இரண்டு டப்பா இருந்தது. குழம்பு தாளித்துவிட்டேன். நல்லெண்ணெயில் வதக்கிய தொக்கும் ருசிக்கு மட்டுமல்ல. தக்காளியின் சிவப்புச் சத்து, சமைத்து எண்ணெய் சேர்த்தால்தான் உடம்பில் நன்றாகச் சேரும். வைட்டமின் சி வேண்டுமானால் பச்சையாகச் சாப்பிடவேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்ளவும்.

என் வீட்டுக்காரர் தென்னை போன இடத்தில் மறுபடி இரண்டு கன்று வைத்திருக்கிறார். அது நிழல் கட்டும்வரை கொல்லை எனக்கு. வேலிச் சந்தை இன்னும் அடைக்கவில்லை. அந்தப் பையன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். வருகிற வழியில் உள்ளே புகுந்து ஒரு பழம் பறித்துத் தின்றுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவான். கழுவக்கூட மாட்டான். நானும் பயப்படுவதில்லை.

அடுத்த இதழில் அவரைப் பந்தல் போடுவதைப் பார்ப்போம்.