மிதிவண்டிக்கு ஏன் தண்டனை?

(பத்தாம் வகுப்பு மாணவி)

மலையே இல்லாத ஊர் நம் புதுச்சேரி. கடற்கரையிலிருந்து மேற்கே நேர்கோடாய்ச் செல்லும் நம் வீதிகளில் ஓர் ஏற்றத்தையோ இறக்கத்தையோ காண்பது அரிது. இவ்வூர்ப் பெண்பிள்ளைகளுக்கு மலைப்பாதை மிதிவண்டி எதற்கு என்று பெரியவர்கள் கேட்டால் அது நியாயமான கேள்விதான். தடித்த டயரும், முன்பக்கம் ஸ்பிரிங்கும், பல கியர்களும் கொண்ட அந்த வண்டியைக் கடைக்காரர்கள் 'கியர் சைக்கிள்' என்பார்கள். ஆனால் ஊரைவிட்டு வடக்கே பத்துக் கிலோமீட்டர் அளவு சென்று பாருங்கள். ஆரோவில்லைச் சுற்றியும் இரும்பைப் பக்கமும் செம்மண் மேடுகளும், மழைநீர் அறுத்துவிட்ட பள்ளங்களும், முந்திரித் தோப்புகளினூடே வளைந்து செல்லும் ஒற்றையடிப் பாதைகளும் உண்டு. மலை இல்லாவிட்டாலும் மலைப்பாதையின் குணம் அங்கே இருக்கிறது. அங்கு ஓட்டிப் பழகுவதில் எங்களில் பலருக்குப் பெருவிருப்பம்.

அந்த விருப்பத்திற்குச் சென்ற மழைக்காலத்திற்குப் பின் ஒரு சோதனை வந்தது. ஒரு சனிக்கிழமை காலை, கல்லூரியில் படிக்கும் ஓர் அக்கா முன்னே செல்ல, நாங்கள் ஒன்பது பேர் வரிசையாகச் சென்றோம். ஓர் இறக்கத்தில் நான்காவதாகச் சென்றவள் மழை அறுத்த புதிய பள்ளம் ஒன்றைக் கண்டு சட்டென்று பிரேக்கை அழுத்தினாள். ஐந்தாமவளின் முன்சக்கரம் அவளது பின்சக்கரத்தில் உரசியது. அவ்வளவுதான். ஐந்தாமவள் கைப்பிடியின் மேலாகத் தூக்கி எறியப்பட்டுத் தோள் தரையில் பட விழுந்தாள். காறை எலும்பு முறிந்தது. அவள் அழவில்லை, முகம் மட்டும் வெளுத்துவிட்டது. அக்கா தன் துப்பட்டாவால் அவள் கையை மார்போடு சேர்த்துத் தூளிபோல் கட்டி, அவளை நிழலில் அமர்த்தி, 108 வண்டியை வரவழைத்தார். இன்று அவள் நலமாக இருக்கிறாள். எப்போதும் போல் கரும்பலகையில் கணக்குப் போடுகிறாள்.

எலும்பு கூடிவிட்டது. ஆனால் அந்தத் திங்கட்கிழமைக்குள் எங்கள் ஒன்பது வீடுகளில் ஆறு வீடுகளில் மிதிவண்டிக்குப் பூட்டுப் போடப்பட்டது! "முகத்தில் தழும்பு விழுந்திருந்தால் நாளை இவளை யார் கட்டுவார்கள்?" என்று ஒரு பாட்டி கேட்டதை நானே கேட்டேன். அதே மாதத்தில்தான் எங்கள் தெருவில் ஒரு பையன் கால்பந்து ஆடும்போது கையை முறித்துக்கொண்டான். மாவுக்கட்டில் நண்பர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு பெருமையாகத் திரிந்தான். கட்டுப் பிரித்த வாரமே மைதானத்தில் நின்றான். பந்தை யாரும் பூட்டி வைக்கவில்லை. முறிந்த எலும்புக்கு ஆண், பெண் என்ற வேறுபாடு உண்டா? இதைப் பெற்றோர்கள் சற்றுச் சிந்திக்க வேண்டுமென்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

விழுந்ததற்குக் காரணம் இருந்தது. அது விதியும் அன்று, பெண்ணாய்ப் பிறந்ததும் அன்று. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஐந்தரை மீட்டர் கடந்துவிடும். முன்னே செல்பவள் நின்றதைக் கண் கண்டு, கை பிரேக்கை அழுத்த ஒரு நொடியாவது ஆகும். அப்படியானால் இருவருக்குமிடையே ஐந்தரை மீட்டருக்குக் குறையாத இடைவெளி வேண்டும். மணல் சரியும் இறக்கத்தில் அதைப்போல் இரு மடங்கு வேண்டும். எங்கள் வரிசையிலோ ஒரு வண்டி நீளம்கூட இல்லை. இது ஒன்பதாம் வகுப்புக் கணக்கு. ஆனால் மிதிவண்டி கற்றுக்கொடுத்தபோது எங்களுக்கு யாரும் இதைச் சொல்லவில்லை. சக்கரங்கள் உரசினால் பெரும்பாலும் பின்னால் வருபவரே விழுவார் என்பதும், இறக்கத்தில் உடலைப் பின்னோக்கிச் சாய்த்துக்கொள்ள வேண்டும் என்பதும், முன்பிரேக்கை ஒரேயடியாகப் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும் என்பதும்கூடச் சொல்லிக்கொடுத்தால் வருகிற பாடங்கள்தாம். நமக்கு மிதிவண்டிப் பயிற்சி என்பது அப்பா சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்து, நமக்குத் தெரியாமல் கையை விட்டுவிடுவதோடு முடிந்துவிடுகிறதே!

பாதையை முன்கூட்டிப் பார்த்து வைப்பதும் அத்தகைய ஒரு பாடம். உலகப் புகழ்பெற்ற வீரர்களும் இதில் சறுக்கியதுண்டு. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக் மலைப்பாதைப் பந்தயத்தில் நெதர்லாந்து வீரர் மாத்தியூ வான் டெர் போல், ஒரு பாறையிலிருந்து கீழே இறங்கும் இடத்தில் தலைகுப்புற விழுந்தார். பயிற்சியின்போது அங்கே ஒரு சாய்வுப் பலகை இருந்தது. பந்தயத்தன்று அது எடுக்கப்பட்டிருந்தது. பலகை இருக்கும் என்று நம்பி இறங்கியவர், பந்தயத்தையே பாதியில் விட நேர்ந்தது. ஒலிம்பிக் வீரருக்கே இந்தக் கதி என்றால், மழைக்கு முன் பார்த்த பாதை மழைக்குப் பின்னும் அப்படியே இருக்கும் என்று நம்பி நாங்கள் போனதில் வியப்பென்ன?

கூட்டமாகப் பயிற்சிக்குச் சென்ற பெண்களுக்கு நேர்ந்த இன்னொரு விபத்தையும் இங்கே சொல்ல வேண்டும். படித்தபோது என் மனத்தை மிகவும் வருத்தியது அது. 2005ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் நாள், ஜெர்மனியில் ஒரு பந்தயத்திற்காக வந்திருந்த ஆஸ்திரேலியப் பெண்கள் அணியினர் ஆறு பேர் சாலையில் பயிற்சி செய்துகொண்டிருந்தனர். பதினெட்டு வயதுப் பெண் ஒருவர் ஓட்டி வந்த கார் கட்டுப்பாட்டை இழந்து அவர்கள் மீது மோதியது. ஏமி ஜில்லெட் என்னும் வீராங்கனை அங்கேயே உயிரிழந்தார். அவருக்கு வயது 29. மற்ற ஐவரும் படுகாயமுற்றனர். இந்த ஏமி முன்பு படகுப் போட்டி வீராங்கனையாய் 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் கலந்துகொண்டவர். மலைப்பாதை மிதிவண்டிப் பந்தயம் ஒலிம்பிக்கில் முதன்முதலாக இடம்பெற்றதும் அதே அட்லாண்டாவில்தான்.

அந்த நாட்டார் அதன்பின் என்ன செய்தார்கள்? 'பெண்களே, இனி மிதிவண்டியைத் தொடாதீர்கள்' என்றா சொன்னார்கள்? ஏமியின் பெயரால் ஓர் அறக்கட்டளை தொடங்கி, மிதிவண்டியைக் கடந்து செல்லும் கார் குறைந்தது ஒரு மீட்டர் விலகிச் செல்ல வேண்டும் என்று ஆண்டுக்கணக்காக வலியுறுத்தினார்கள். குயின்ஸ்லாந்து மாநிலத்தில் 2014இல் அவ்விதி சோதனை முறையில் நடைமுறைக்கு வந்து, பின்னர் நிலையான சட்டமாயிற்று. காயமுற்றவர்களில் ஒருவரான அலெக்சிஸ் ரோட்ஸ், நினைவிழந்த நிலையில் மருத்துவமனையில் கிடந்தவர். பின்னாளில் மீண்டும் பந்தயங்களில் ஓட்டினார்.

நம் தமிழ்நாட்டிலும் இதற்கொப்ப ஒரு பெருமைக்குரிய செய்தி உண்டு. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில், மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தால், அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு மிதிவண்டியையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. கல்லுடைக்கும் பெண்களும் கூலிப் பெண்களும் ஆயிரக்கணக்கில் வந்து கற்றார்கள். சேலை கட்டிக்கொண்டு பழகிய அவர்களில் விழாதவர் எவரேனும் இருந்திருப்பார்களா? ஊரார் கேலி பேசினார்கள். அவர்களோ குடத்தையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு ஓட்டிச் சென்றார்கள். அந்தத் தாய்மார்களின் பேத்திகள் இன்று எங்கள் வயதினராய் இருப்பார்கள்.

பெற்றோரின் அச்சத்தை நான் எள்ளி நகையாடவில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பேருந்துகள் போகும் வேகத்தைக் கண்டால் எனக்கே அச்சமாக இருக்கிறது. தலைக்கவசம் விஷயத்தில் பெற்றோர் எவ்வளவு கண்டிப்பாக இருந்தாலும் தகும். மோட்டார் சைக்கிளில் செல்வோரிடம் தலைக்கவசம் கேட்கும் நம் நாட்டுச் சட்டம் மிதிவண்டியில் செல்வோரிடம் கேட்பதில்லை. அதனால் நாமும் வாங்குவதில்லை. தொழில்முறைப் பந்தய வீரர்கள்கூட நெடுங்காலம் அதை மறுத்து வந்தார்கள். 2003இல் பாரிஸ்–நீஸ் பந்தயத்தில் கசக்ஸ்தான் வீரர் ஆந்திரேய் கிவிலெவ் தலைக்கவசமின்றி விழுந்து இறந்த பிறகே அது அவர்களுக்குக் கட்டாயமாக்கப்பட்டது. பள்ளிக்கு வரும் வழியில் ரிப்பன் கலைந்துவிடும் என்று தலைக்கவசம் அணியாத தோழிகள் இங்கே பலர் (அவர்கள் யாரென்று அவர்களுக்கே தெரியும்). துப்பட்டாவும் அப்படித்தான், பின்சக்கரத்திற்கு வலை போடாத வண்டியில் துப்பட்டாவைப் பறக்கவிட்டுச் செல்வது, செம்மண் இறக்கத்தைவிட ஆபத்தானது. மிஷன் வீதியிலேயே அது சக்கரத்தில் சிக்கி ஆளை இழுத்துத் தள்ளிவிடும்.

வீட்டுப் பூட்டு எங்களுக்கு எதைக் கற்றுத் தரும்? நாளை கல்லூரிக்கோ வேலைக்கோ ஸ்கூட்டர் ஓட்டிச் செல்லும்போது, இடைவெளி விடவும் பிரேக் பிடிக்கவும் தெரியாத அதே பெண்களாகத்தானே சாலையில் இறங்குவோம்? வேகம் மட்டும் அப்போது இரண்டு மடங்காய் இருக்கும்.

எனவே நம் அருட்சகோதரிகளிடமும் பெற்றோர் சங்கத்தாரிடமும் ஒரு விண்ணப்பம். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் சனிக்கிழமை காலைகளில் ஒரு மணி நேரம் பள்ளி மைதானத்தை எங்களுக்குத் தாருங்கள். சுண்ணாம்புக் கோடு போட்டு ஐந்தரை மீட்டர் இடைவெளியில் ஓட்டப் பழகுவோம். ஒரு மூலையில் மணல் கொட்டினால் அதில் பிரேக் பிடிக்கப் பழகுவோம். கை கட்டுவது எப்படி, கழுத்து வலிக்கிறது என்பவரை ஏன் அசைக்கக் கூடாது என்பதை எங்கள் சாரணியர் ஆசிரியை கற்றுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். செம்மண் பாதைக்குப் போவது பிறகு. போகும்போதும் பெரியவர் ஒருவர் முதல் நாளே பாதையைப் பார்த்து வரட்டும். மருந்துப் பெட்டியுடன் இன்னொருவர் கடைசியாக வரட்டும். மழை பெய்த வாரத்தில் போகவே வேண்டாம். காறை எலும்பு முறிந்த தோழி முதல் வரிசையில் நிற்பதாகச் சொல்லிவிட்டாள். அவள் அம்மா இன்னும் சம்மதிக்கவில்லை. அவர் மைதானத்திற்கு வந்து ஒரு சனிக்கிழமை பார்க்கட்டும் என்றுதான் கேட்கிறோம்.