ஏற்காடு போக எது சரியான மாசம்? 'மே' என்று சொல்வதற்கு முன் இதைப் படிங்க!

சேலத்தில் வெயில் 40 டிகிரியைத் தொட்டதும் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு மெசேஜ் கட்டாயம் வரும்: "மச்சி, ஏற்காடு போலாமா?" அடுத்த பத்து நிமிஷத்தில் கார் ரெடி, தேதி ரெடி, ஆள் கணக்கு ரெடி. தேதி மட்டும் பெரும்பாலும் மே மாசத்து சனி, ஞாயிறாகத்தான் இருக்கும்.

அதே தேதியில் கோவை, ஈரோடு, தர்மபுரி, பெங்களூரு என்று நான்கு திசையிலும் இதே மெசேஜ் ஓடிக்கொண்டிருக்கும். முடிவில் எல்லோரும் சந்திக்கும் இடம் ஏரிக்கரை இல்லை, கொண்டை ஊசி வளைவு!

ஏற்காட்டுக்கு எப்போது போவது என்பது வெறும் க்ளைமேட் கேள்வியாக இருந்த காலம் போய்விட்டது. கோர்ட் உத்தரவு, புயல், மலைப்பாதை, காபித் தோட்டம், மலை மக்களின் வருமானம் எல்லாம் இப்போது அந்தக் கேள்விக்குள் இருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஊட்டிக்குக் கதவு, ஏற்காட்டுக்கு?

2024 மே 7-ம் தேதி முதல் ஊட்டி, கொடைக்கானல் போக இ-பாஸ் கட்டாயம் என்றானது. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவு அது. 2025 கோடையில் பிடி இன்னும் இறுகியது. நீலகிரிக்கு வார நாள்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு வார நாள்களில் 4,000, வார இறுதியில் 6,000. ஏப்ரல் முதல் ஜூன் வரை இதுதான் கணக்கு. ஒரு மலை எத்தனை வண்டியைத் தாங்கும் என்று ஆராயும் வேலை சென்னை ஐ.ஐ.டி-யிடமும் பெங்களூரு ஐ.ஐ.எம்-மிடமும் கொடுக்கப்பட்டது.

இந்த உத்தரவுகள் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும்தான். அந்தப் பட்டியலில் ஏற்காடு இல்லை. பாஸ் கிடைக்காதவர், பாஸுக்கு அப்ளை பண்ண சோம்பல்படுபவர், கடைசி நிமிஷத்தில் கிளம்புபவர் எல்லோருக்கும் திறந்திருக்கும் அடுத்த கதவு எது? சேலத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டரில் இருக்கும் ஏற்காடு. 'ஏழைகளின் ஊட்டி' என்ற பழைய பெயரோடு, 'பாஸ் இல்லாத ஊட்டி' என்ற புதுக் கவர்ச்சியும் சேர்ந்துகொண்டது.

ஆனால், ஏற்காடு ஊட்டி அளவுக்குப் பெரிய ஊர் இல்லை. ஊரின் நடுவில் ஒரே ஒரு ஏரி. அதைச் சுற்றி அண்ணா பூங்கா, படகு இல்லம், கடைகள். லேடீஸ் சீட், பகோடா பாயின்ட், கரடிக் குகை, சேர்வராயன் கோயில் என்று பார்க்கும் இடங்களுக்கெல்லாம் போவது குறுகலான மலைச் சாலைகள். சேலத்திலிருந்து ஏறும் பிரதான பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். மாற்றுப் பாதை என்றால் குப்பனூர் வழி. கூட்டம் எகிறும் நாள்களில் ஒரு பாதையை ஏறவும் இன்னொன்றை இறங்கவும் என ஒருவழியாக மாற்றுவதும் உண்டு. ஊரின் கொள்ளளவு அவ்வளவுதான்.

மே மாசத்தில் என்ன கிடைக்கும்?

நியாயமாகப் பேசுவோம். மே மாசத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். சேலம் 280 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பொதுவாக ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏறும்போதும் வெப்பம் ஆறு, ஏழு டிகிரி குறையும். அதாவது, சேலத்தில் 40 என்றால் ஏற்காட்டில் 32 சுமார். சேலத்துக்காரருக்கு இது ஏ.சி. ஆனால், ஸ்வெட்டர் எடுத்துக்கொண்டு 'குளு குளு' கனவோடு வரும் சென்னைக்காரருக்கு மதிய நேரத்தில் ஏமாற்றம்தான்.

கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் மே மாசத்தில்தான். சேர்வராயன் கோயில் திருவிழாவும் மே மாசத்தில்தான். ஸ்கூல் லீவும் அப்போதுதான். இப்படி எல்லாவற்றையும் ஒரே மாசத்தில் அடைத்துவைத்தால், ஊர் என்ன செய்யும்?

இன்னொரு பக்கம், கிளியூர் நீர்வீழ்ச்சி. இன்ஸ்டாவில் வெள்ளமாகக் கொட்டும் ரீல்ஸ் பார்த்துவிட்டு மே மாசத்தில் அங்கே இறங்கினால், பாறையில் ஈரம் இருந்தாலே அதிர்ஷ்டம். அந்த ரீல்ஸ் எல்லாம் மழைக்காலத்தில் எடுத்தது. அருவி மழையை நம்பி இருப்பது. நம்முடைய லீவ் தேதி அதற்குத் தெரியாது.

பனாமா சொல்லும் பாடம்

இதே குழப்பம் உலகப் புகழ்பெற்ற ஓர் இடத்திலும் இருக்கிறது. பனாமா கால்வாயில் சொகுசுக் கப்பல் பயணம் போக எது நல்ல நேரம் என்று கேட்டால், டிராவல் ஏஜென்ட்கள் சொல்வது டிசம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் வரை. அது அங்கே மழை இல்லாத காலம். ஆனால், அந்தக் கால்வாய் ஓடுவதே மழைத் தண்ணீரில்தான். கடல் மட்டத்திலிருந்து சுமார் 26 மீட்டர் உயரத்தில் இருக்கும் காட்டூன் ஏரியின் நீரைத் திறந்துவிட்டுத்தான் கப்பல்களை ஏற்றி இறக்குகிறார்கள். ஒவ்வொரு கப்பல் கடக்கும்போதும் நல்ல தண்ணீர் கடலுக்குப் போகிறது. 2023-ல் மழை பொய்த்தது. நாளொன்றுக்கு 36 கப்பல் போகும் பாதையில் 22 வரைக்கும் குறைக்க வேண்டியதாயிற்று.

சுற்றுலாப் பயணி 'மழையில்லாத மாசம்தான் பெஸ்ட்' என்கிறார். ஏரியோ, 'மழை பெய்தால்தான் நான் இருப்பேன்' என்கிறது. அளவில் பனாமா யானை, ஏற்காடு அணில். ஆனால், லாஜிக் ஒன்றுதான். ஏரியும் காடும் சேர்ந்து 'ஏற்காடு' ஆனது என்று ஊர்ப் பெயருக்கு விளக்கம் சொல்வார்கள். அந்த இரண்டுமே தளர்ந்து கிடக்கும் மாசத்தில்தான் நாம் கூட்டமாகப் போய் நிற்கிறோம். போட்டிங் க்யூவில் நிற்பதற்கு மட்டும் இல்லை. குடிக்க, குளிக்க, ஹோட்டலில் துணி துவைக்க என்று தண்ணீர் அதிகம் கேட்பதும் அதே மாசத்தில்தான்.

அப்போ மழைக்காலத்தில் போகலாமா?

கண்ணை மூடிக்கொண்டு 'ஆமாம்' சொல்ல முடியாது. 2024 நவம்பர் 30-ம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயல், கடலோரத்தோடு நிற்கவில்லை. உள் மாவட்டங்களைப் புரட்டிப் போட்டது. கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ மழை. திருவண்ணாமலையில் மண்சரிவில் 7 பேர் இறந்தனர். ஏற்காட்டில் 20 செ.மீ-க்கும் மேல் கொட்டியது. மலைப்பாதையில் மண் சரிந்தது, பாறைகள் உருண்டன, மரங்கள் விழுந்தன, போக்குவரத்து தடைபட்டது. அதே ஆண்டு ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டில் நடந்ததை யாரும் மறக்க முடியாது.

அதனால், மழைக்காலம் என்பதை ஒரே கட்டாகப் பார்க்கக் கூடாது. செப்டம்பரில் சேலம் பக்கம் பெரும்பாலும் மாலையிலோ இரவிலோ இடி மழை. காலையில் வெளிச்சம், மாலையில் மேகம். நவம்பர், டிசம்பர் முதல் பாதி வேறு மாதிரி. வங்கக் கடலில் ஒரு தாழ்வு நிலை உருவானால் இரண்டு மூன்று நாள் விடாமல் பெய்யும். மண் ஊறி ஊறித்தான் சரிகிறது. ஆகவே, மழை நின்ற மறுநாளும் மலைப்பாதை பாதுகாப்பானது என்று நினைத்துவிடக் கூடாது.

வானிலை ஆய்வு மையத்தின் நிறங்களையும் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. ஆரஞ்சு அலர்ட் என்றால் ஒரே நாளில் சுமார் 12 முதல் 20 செ.மீ வரை மழை எதிர்பார்க்கிறார்கள். ரெட் என்றால் அதற்கும் மேல். சேலம் மாவட்டத்துக்கு இந்த இரண்டில் எது வந்தாலும் ட்ரிப்பைத் தள்ளிவைங்க. ரூம் அட்வான்ஸ் போனால் போகட்டும்.

காலண்டரைப் பிரித்துப் பார்த்தால்...

ஜனவரி, பிப்ரவரி: குளிர் கைகொடுக்கும், வானம் தெளிவாக இருக்கும். காபிப் பழம் பறிப்பு நடக்கும் காலம். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காபி விதை போட்டதாக வரலாறு. அந்தச் செடியின் பழம் சிவப்பதையும் களத்தில் காய்வதையும் நேரில் பார்க்கலாம். பொங்கல் லீவ் நாள்களை மட்டும் தவிர்த்துவிடுங்க. குடும்பத்தோடு நிம்மதியாகப் போக இதுதான் முதல் சாய்ஸ்.

மார்ச், ஏப்ரல் தொடக்கம்: கோடை மழை ஒன்று விழுந்த சில நாள்களில் காபித் தோட்டம் முழுக்க வெள்ளைப் பூ. மல்லிகை மாதிரி வாசம். சில நாள்தான் இருக்கும். தேதி யாராலும் சொல்ல முடியாது. மழை விழுந்த செய்தி பார்த்ததும் அந்த வாரமே கிளம்ப முடிந்தவர்களுக்கு இது லாட்டரி.

ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர்: பச்சையும் மூடுபனியும் அருவியும் ஏரி நிறைந்த அழகும் வேண்டும் என்பவர்களுக்கு. அலர்ட் பார்த்து, வார நாளில், பகலிலேயே ஏறி பகலிலேயே இறங்கும்படி பிளான் பண்ணுங்க. போட்டிங் மட்டும் மழையின் கையில். காற்றும் மழையும் பலமாக இருந்தால் படகு விட மாட்டார்கள். சண்டை போடாதீங்க.

அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் நடு வரை: வானிலையைத் தினமும் பார்த்து முடிவெடுக்க முடியும் என்றால் மட்டும். கிறிஸ்துமஸ், நியூ இயர் வாரம் என்றால் கூட்டத்தில் அது இன்னொரு மே.

மே: லீவே அப்போதுதான் கிடைக்கும் என்பவர்கள் நிறைய பேர். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. திங்கள் முதல் வியாழனுக்குள் போங்க. முடிந்தால் காரை சேலத்திலேயே விட்டுவிட்டு பஸ்ஸில் ஏறுங்க. 40 பேர் ஒரு பஸ்ஸில் போனால் மலைப்பாதையில் பத்து கார் குறையும்.

எந்த மாசமானாலும் ஒரு விஷயம் மாறாது. 2024 ஏப்ரல் 30 அன்று ஏற்காட்டிலிருந்து இறங்கிய தனியார் பஸ் ஒன்று கொண்டை ஊசி வளைவுப் பகுதியில் கவிழ்ந்து உயிர்கள் போயின. அன்று புயலும் இல்லை, மழையும் இல்லை. நல்ல கோடைக்காலம். மலையில் இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பாமல் குறைந்த கியரில் இறங்குவதும், ஏறி வரும் வண்டிக்கு வழிவிடுவதும், வளைவில் நின்று செல்ஃபி எடுக்காமல் இருப்பதும் 12 மாசத்துக்குமான விதி.

இது நம்ம சாய்ஸ் மட்டும்தானா?

'மே மாசம் யாரும் வராதீங்க' என்று சொன்னால் ஏரிக்கரையில் சோளமும் பஜ்ஜியும் போடும் அக்கா என்ன செய்வார்? வண்டி ஓட்டுபவர், காட்டேஜில் அறை துடைப்பவர், மிளகும் காபித்தூளும் விற்பவர் பலருக்கு அந்த ஒரு மாசக் காசுதான் அடுத்த சில மாசங்களை நகர்த்துகிறது. சேர்வராயன் மலையின் கிராமங்களில் வாழும் மலையாளிப் பழங்குடிகளில் பலருக்கும் தோட்டக் கூலியோடு சுற்றுலா வேலையும் சேர்ந்ததுதான் வருமானம். நீலகிரியில் இ-பாஸ் கட்டுப்பாட்டை எதிர்த்து 2025 ஏப்ரல் 2-ம் தேதி வணிகர்கள் கடையடைப்பே நடத்தினார்கள். எண்ணிக்கையைக் குறைத்தால் அடி விழுவது முதலில் சின்ன வியாபாரிக்குத்தான்.

அதனால், கூட்டத்தைக் குறைப்பதைவிடப் பரப்புவதுதான் புத்திசாலித்தனம். ஊட்டியில் செப்டம்பர், அக்டோபரை 'இரண்டாவது சீசன்' என்று சொல்லிச் சொல்லியே நிலைநிறுத்திவிட்டார்கள். அதற்கென்றே பூங்காவில் பூச்செடிகளைத் தயார் செய்கிறார்கள். ஏற்காட்டுக்கு ஏன் அப்படி ஒன்று இல்லை? பிப்ரவரியில் காபி அறுவடையை ஒட்டி ஒரு விழா வைத்தால் என்ன? கோடை விழாவில் நடக்கும் படகுப் போட்டியை, ஏரி நிறைந்திருக்கும் மாசத்துக்கு மாற்றினால் என்ன? வார நாள் தங்கலுக்குச் சலுகை தருவது, நெரிசல் நாள்களில் அடிவாரத்தில் பார்க்கிங் வைத்து மேலே தொடர்ந்து பஸ் விடுவது... இதெல்லாம் கோர்ட் வந்து சொல்லும் வரை காத்திருக்க வேண்டிய வேலைகள் இல்லை.

ஏற்காட்டுக்கு இன்னும் இ-பாஸ் வரவில்லை என்பதை ஆஃபராக எடுத்துக்கொள்வதா, எச்சரிக்கையாக எடுத்துக்கொள்வதா என்பது நம் கையில்தான் இருக்கிறது. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் கதவு போட வேண்டி வந்தது, ஒரே மாசத்தில் எல்லோரும் ஏறியதால்தான். அடுத்த முறை குரூப்பில் "ஏற்காடு போலாமா?" என்று மெசேஜ் வந்தால், "போலாம்... ஆனா பிப்ரவரி, செவ்வாய்க்கிழமை" என்று பதில் போட்டுப் பாருங்க. ரூம் விலையும் குறையும், போட் க்யூவும் குறையும். பஜ்ஜிக் கடை அக்காவுக்கு பிப்ரவரியிலும் வியாபாரம் நடக்கும்.