ஹால் யாருடையது?

சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையிலோ கோவை சரவணம்பட்டியிலோ அண்மையில் குடிபுகுந்த நான்கு அடுக்குமாடி வீடுகளின் ஹாலைப் படமெடுத்துக் கலைத்துப் போட்டால், எது யார் வீடு என்று வீட்டுக்காரர்களே தடுமாறுவார்கள். அரைவெள்ளைச் சுவர், சாம்பல் நிற சோபா, கோடு கோடாகப் பலகை அடித்த டிவி யூனிட், ஃபால்ஸ் சீலிங் விளிம்பில் ஒளிந்து எரியும் எல்இடி பட்டை, மூலையில் கண்மூடிய புத்தர் தலை. (ஆசையைத் துறக்கச் சொன்னவரை இஎம்ஐ சோபாவுக்குக் காவல் வைத்திருக்கிறோம்.) இன்டீரியர் நிறுவனங்கள் இதை டூ பிஹெச்கே, த்ரீ பிஹெச்கே என்று விலை போட்டுத் தொகுப்பாகவே விற்கின்றன. கூடவே சில சூத்திரங்களும் வருகின்றன: அறையின் நிறங்கள் 60, 30, 10 என்ற விகிதத்தில் அமைய வேண்டும்; சிறிய அறைக்கு வெளிர்நிறமே பொருந்தும்; திரைச்சீலை சோபாவோடு ஒத்துப்போக வேண்டும்; மாட்டும் படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 57 அங்குல உயரத்தில் இருக்க வேண்டும். இவை முட்டாள்தனமானவை அல்ல. ஆனால் பெரும்பாலும் புகைப்படத்துக்கும் விற்பனைக்கும் உதவுகிற விதிகள். அந்த ஹாலில் இருபது ஆண்டுகள் சாப்பிட்டு, சண்டைபோட்டு, தூங்கி எழப்போகிறவர்களின் ரசனைக்குக் குறுக்கே நிற்க அவற்றுக்கு அதிகாரம் இல்லை. அந்த ரசனை அடுத்தவர் கண்ணுக்குக் கொஞ்சம் கோமாளித்தனமாகத் தெரிந்தாலும் சரி.

இந்த விதிகள் காலங்காலமாக இருந்துவரும் உண்மைகள் என்ற நினைப்பே முதலில் தவறு. 1897இல் அமெரிக்க எழுத்தாளர் எடித் வார்ட்டன், கட்டடக் கலைஞர் ஆக்டன் காட்மனோடு சேர்ந்து வீட்டு அலங்காரம் பற்றி ஒரு நூல் எழுதினார். திரைக்கு மேல் திரை, மேசை கொள்ளாத பீங்கான் என்று மூச்சுமுட்டிக் கிடந்த அக்காலப் பணக்கார வீடுகளுக்கு எதிரான கலகம் அது. வியன்னாவின் கட்டடக் கலைஞர் அடால்ஃப் லூஸ் இன்னும் ஒரு படி ஏறி, அலங்காரத்தையே குற்றத்தோடு சேர்த்துப் பேசினார். 1925இல் இன்னொரு கட்டடக் கலைஞரான லே கொர்பூசியே, பூவேலைச் சுவர்த்தாளையெல்லாம் உரித்தெறிந்துவிட்டு எல்லோரும் வெள்ளைப் பெயிண்ட் அடித்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் இயற்றுகிற தோரணையில் எழுதினார். இன்றைக்கு இன்டீரியர் கேட்டலாக்கில் பணிவாகப் படுத்திருக்கும் விதிகள் எல்லாம் ஒரு காலத்தில் யாரோ போட்ட சண்டையின் மிச்சம். வேடிக்கை என்னவென்றால், வெள்ளையை வலியுறுத்திய அதே கொர்பூசியே ஆறே ஆண்டுகளில், 1931இல், ஒரு சுவர்த்தாள் நிறுவனத்துக்கு 43 நிறங்கள் கொண்ட வரிசையை வடிவமைத்துக் கொடுத்தார். 1959இல் இன்னும் 20 நிறங்களைச் சேர்த்தார். சண்டிகரில் அவர் கட்டிய உயர் நீதிமன்றத்தின் முகப்புத் தூண்கள் பளிச்சென்ற வண்ணங்களில் நிற்கின்றன. விதி போட்டவரே மீறிய விதிக்கு நாம் வட்டியும் முதலுமாகக் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

அதே சண்டிகரில் இன்னொரு காரியமும் நடந்தது. செக்டர் செக்டராக அளந்து கட்டப்பட்ட அந்த நகரில் சாலை ஆய்வாளராக வேலை பார்த்த நேக் சந்த், நகருக்காக இடிக்கப்பட்ட கிராமங்களின் இடிபாடுகளைப் பொறுக்கி, 1957 வாக்கில் தொடங்கி, சுக்னா ஏரிக்கு அருகே காட்டுப் பகுதியில் யாருக்கும் தெரியாமல் ஒரு தோட்டம் அமைத்தார். உடைந்த வளையல், பீங்கான் ஓடு, கழிவறைத் தொட்டித் துண்டு எல்லாம் அவர் கையில் மனிதர்களாகவும் பறவைகளாகவும் ஆயின. அரசு நிலத்தில் அனுமதியின்றிக் கட்டியது, இடித்திருக்க வேண்டியது. ஆனால் 1976இல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. இன்று சண்டிகருக்குப் போகிறவர்கள் கொர்பூசியேவைப் பார்க்கிறார்களோ இல்லையோ, நேக் சந்தின் பாறைத் தோட்டத்தைப் பார்க்காமல் திரும்புவதில்லை.

நம் ஊரில் மட்டும் எல்லாம் ஒத்துப்போயா இருந்தது? மரபு வீடு என்றதும் நாம் கைகாட்டும் செட்டிநாட்டு வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். பர்மா தேக்குத் தூண், இத்தாலியப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி, ஜப்பானியப் பூ ஓடு, பக்கத்திலேயே வார்த்த ஆத்தங்குடிக் கல் எல்லாம் ஒரே கூரைக்குள். முகப்பில் கஜலட்சுமி அமர்ந்திருக்க, சில வீடுகளில் இரு பக்கமும் துப்பாக்கி ஏந்திய வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுதைச் சிற்பமாக நிற்கிறார்கள். இன்றைய வடிவமைப்பாளர் ஒருவரிடம் இந்தப் பட்டியலை நீட்டினால், ஒரே வீட்டில் இத்தனை சேராது என்று பாதியை அடித்துவிடுவார். அவர்களிடம் பணம் இருந்தது, செய்தார்கள் என்று சொல்லலாம். பணம் சரக்கை வாங்கித் தந்தது, உண்மைதான். ஆனால் பிழைக்கப் போன ஊர்களின் அடையாளத்தையும் கஜலட்சுமியையும் ஒரே வாசலில் வைக்கும் துணிச்சலைப் பணம் தரவில்லை. யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் இருக்கின்றன. அன்றைக்கு அந்த மேஸ்திரிகள் நிறப் பொருத்தம் பார்த்திருந்தால் இருந்திருக்குமா என்பது சந்தேகமே.

பணமே தேவைப்படாத சான்று கொலு. மேல்படியில் கலசம், பட்டுத் துணி சுற்றிய மரப்பாச்சி; நடுவில் தசாவதாரம்; அதற்குக் கீழே அரிசி பருப்புக் கடை விரித்த செட்டியார் தம்பதி; தரையில் மணல் கொட்டி ஒரு பூங்கா. பூங்காவில் முளைவிட்ட கேழ்வரகு வயலாகிறது, முகம் பார்க்கும் கண்ணாடி குளமாகிறது. குளத்தில் நீந்தும் பிளாஸ்டிக் வாத்து கரையில் நிற்கும் பஸ்ஸைவிடப் பெரியது. பக்கத்தில் கிரிக்கெட் டீம், அதன் நடுவராக எந்த செட்டிலிருந்தோ தப்பி வந்த தவில்காரர். அளவுப் பொருத்தம், நிறப் பொருத்தம், காலப் பொருத்தம் எதுவுமே இல்லை. வருகிறவர்கள் முகம் சுளிப்பதும் இல்லை. குனிந்து, உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்கள், எது எங்கே வாங்கியது என்று கேட்கிறார்கள். அது பண்டிகை, ஒன்பது நாள் சமாச்சாரம் என்பது சரிதான். ஆனால் பொருந்தாத பொருட்களைத் தாங்கும் சக்தி நம் கண்ணுக்கு இல்லை என்ற வாதம் அந்த ஒன்பது நாட்களில் ஆண்டுதோறும் தோற்கிறது.

ரசனைக்கு ஆதாரம் கேட்க முடியாது என்பார்கள். ஓரளவு கேட்கலாம். இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரெய்க் நைட், அலெக்ஸ் ஹாஸ்லாம் இருவரும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே வேலையை நான்கு விதமான அறைகளில் செய்யவைத்தார்கள். முதல் அறை மொட்டையானது. இரண்டாவதில் செடிகளும் படங்களும் ஆய்வாளர்களால் வைக்கப்பட்டிருந்தன. மூன்றாவதில் வேலை செய்பவரே அவற்றைத் தன் விருப்பப்படி வைத்துக்கொண்டார். செடியும் படமும் இருந்த அறையில் மொட்டை அறையைவிட 17 விழுக்காடு கூடுதல் வேலை நடந்தது. தானே அடுக்கிய அறையில் 32 விழுக்காடு. நான்காவது அறைதான் கவனிக்கத்தக்கது. அவரை அடுக்கவிட்டு, பிறகு ஆய்வாளர் வந்து எல்லாவற்றையும் மாற்றி வைத்தார். கூடுதல் பலன் கரைந்துபோனது. அலுவலகத்துக்குச் செய்த ஆய்வு, வீட்டுக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் பொருளின் அழகைவிட, அதை எங்கே வைப்பது என்று முடிவுசெய்கிற உரிமை மனத்துக்கு முக்கியம் என்பதை இது காட்டுகிறது. சிகாகோ பகுதியில் 82 குடும்பங்களைப் பேட்டி கண்டு 1981இல் மிஹாய் சிக்சென்ட்மிஹாயி, யூஜீன் ராச்பெர்க்-ஹால்ட்டன் வெளியிட்ட நூலும் இதே பக்கம் சாய்கிறது. வீட்டில் எது உங்களுக்கு முக்கியமான பொருள், ஏன் என்று கேட்டால், விலையையும் பாணியையும்விட மனிதர்களையும் நினைவுகளையுமே காரணமாகச் சொன்னார்கள்.

வலுவான எதிர்வாதமும் ஆய்விலிருந்தே வருகிறது. லாஸ் ஏஞ்சலஸில் இருவரும் வேலைக்குப் போகும் தம்பதிகளிடம் தங்கள் வீட்டைச் சுற்றிக்காட்டிப் பேசச் சொன்னார்கள். அந்த ஆய்வும் 2010இல் வெளியானதுதான். வீடு அடைசலாக, முடியாத வேலைகளோடு கிடக்கிறது என்று பேசிய மனைவிமார்களுக்கு, மன அழுத்தத்தைக் காட்டும் கார்டிசால் சுரப்பு பகல் போகப் போக இறங்க வேண்டிய அளவு இறங்கவில்லை. அப்படியானால் மொட்டைச் சுவரே மேல் அல்லவா? இல்லை. அவர்கள் குறைப்பட்டது அடைசலையும் முடிக்காத வேலையையும். அதாவது அவர்கள் தலையில் விழக் காத்திருந்த வேலை. ஆசைப்பட்டு வைத்த பொருளுக்கும் வைக்க இடமில்லாமல் தங்கிவிட்ட பொருளுக்கும் வித்தியாசம் உண்டு. அதே நகரில் வடிவமைப்பாளர்களான சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் 1949இல் கட்டிய வீட்டைப் பாருங்கள். இரும்பும் கண்ணாடியுமாக, தொழிற்சாலைச் சரக்கில் எழுந்த நவீன வீடு. உள்ளே பொம்மை, கிளிஞ்சல், கூழாங்கல், பல தேசத்து நாட்டுப்புறக் கைவேலை. ஒழுங்கும் விளையாட்டும் அங்கே ஒன்றையொன்று விரட்டவில்லை. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பொம்மைக்குத் தூசி தட்டுவது யார் என்று முடிவு செய்யாமல் பொம்மை வாங்குவது, பெரும்பாலான வீடுகளில், ஒரு பெண்ணின் வேலையைக் கூட்டுவதுதான்.

அங்கேதான் விஷயம் கனக்கிறது. விதியை மீறுவோம் என்பது எளிது. ஒரு வீட்டில் யாருக்கு மீறும் அனுமதி இருக்கிறது? எக்ஸிடரின் நான்காவது அறையில் ஆய்வாளர் செய்ததை நம் வீடுகளில் தினமும் யாராவது யாருக்காவது செய்துகொண்டிருக்கிறார்கள். மருமகள் அடுக்கிய ஷெல்ப் மாமியார் கையால் மாறுகிறது. கிராமத்திலிருந்து வந்து மகனோடு தங்கும் தகப்பனாரின் டிரங்குப் பெட்டி, ஹாலுக்கு ஒத்துவராது என்று பரணுக்குப் போகிறது. மகன் நல்ல எண்ணத்தில்தான் செய்கிறான். குழந்தை சுவரில் கிறுக்கினால், கழுவக்கூடிய பெயிண்ட் என்று விளம்பரம் பார்த்து வாங்கியிருந்தும், திட்டு விழுகிறது. வீட்டுக்கு ஒரே ரசனை இருக்க வேண்டும் என்பதுதான் உடைக்க வேண்டிய முதல் விதி. அதற்கு நிபுணர் வேண்டாம்; ஆளுக்கொரு சுவர், இல்லையென்றால் ஆளுக்கொரு தட்டு, அதில் மற்றவர் கைவைப்பதில்லை என்ற உடன்பாடு போதும். தாத்தாவின் தட்டில் தினசரி காலண்டரும் மூக்குப்பொடி டப்பாவும் இருக்கும். பேத்தியின் தட்டில் கொரியப் பாடகர் படம் இருக்கும். ஹால் அசிங்கமாகத் தெரியலாம். தெரியட்டும்.

இப்போது கலர்ஃபுல் வீடு என்பதையும் தொகுப்பாக விற்கத் தொடங்கிவிட்டார்கள். பித்தளை யானை, வண்ண நாற்காலி, சுவருக்கு ஒரு ரிக்‌ஷா ஓவியம். சாம்பல் நிறத் தொகுப்புக்குப் பதில் மயில் நிறத் தொகுப்பு. யாரையும் தெரிந்துகொள்ள உதவாத அதே ஹால். இன்னொரு பக்கம், விதியை உடைக்கிறேன் என்று பால்கனியை அடைத்துக் காற்றோட்டத்தைக் கெடுப்பவர்களும், ஒரே பிளக்கில் நாலு அலங்கார விளக்கு மாட்டுபவர்களும் இருக்கிறார்கள். காற்று, வெளிச்சம், ஈரக்கசிவு, வயரிங் இவை ரசனைக்குக் கட்டுப்பட்டவை அல்ல. அங்கே எஞ்சினியர் சொல்வதே சரி.

கடைசியாகக் காசு. நாளைக்கு விற்கும்போது கிளிப்பச்சைச் சுவரைப் பார்த்து விலையைக் குறைப்பார்கள் என்ற பயம். வாங்குகிறவர் எந்த நிறமாக இருந்தாலும் பால் காய்ச்சும் முன் பெயிண்ட் அடிக்கத்தான் போகிறார். லட்சங்கள் போட்ட ஃபால்ஸ் சீலிங்கையும் பிடிக்கவில்லையென்றால் பிரித்துத்தான் போடுவார். விற்கும் நாளுக்காக இருக்கும் நாட்களை வாடகைக்கு விடுவது லாபக் கணக்கு அல்ல. உண்மையிலேயே கை கட்டப்பட்டிருப்பது வாடகைக்கு இருப்பவர்களுக்குத்தான். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, நிறம் மாற்றக் கூடாது என்பது பல வீடுகளில் எழுதப்படாத சட்டம். அவர்களுக்கு இப்போதைக்கு மிஞ்சுவது துணியும் பாயும் விளக்கும் புத்தக அலமாரியும்தான். ஆனால் சென்னையில் வீட்டைக் காலி செய்யும்போது, வெள்ளையடிக்கும் செலவு என்று ஒரு மாத வாடகையை முன்பணத்தில் பிடித்துக்கொள்வது பரவலான வழக்கம். எப்படியும் குடியிருப்பவர் பணத்தில்தான் அந்தச் சுவருக்கு மறுபடி பெயிண்ட் ஏறப்போகிறது. அது நடுவில் இரண்டு வருடம் என்ன நிறத்தில் இருக்க வேண்டும் என்பதை அவரிடமே விட்டுவிட, ஒப்பந்தப் பத்திரத்தில் ஒரு வரி சேர்ப்பதால் வீட்டு உரிமையாளருக்கு என்ன நட்டம்?