நம் பெயரும் நம் பாடும் யார் கையில்?



தன் வறுமையைப் பிறரிடம் எடுத்துச் சொல்வது எந்த மனிதனுக்கும் எளிதான காரியமல்ல. கணவன் விட்டுப்போனதையும், பிள்ளை பிறவியிலேயே கால் விளங்காமல் கிடப்பதையும், இம்மாதம் கைக்கு வந்த சம்பளம் எவ்வளவு என்பதையும் பக்கத்து வீட்டுக்குக்கூடச் சொல்லாத ஒரு தாய், சமூக நல இலாகாவின் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தால் ஒன்றுவிடாமல் சொல்லித்தான் ஆகவேண்டும். சொன்னால்தான் உதவி. அப்படி அவள் சொன்னவை எங்கே போகின்றன, யார் யார் படிக்கிறார்கள், எந்தக் கணினியின் வயிற்றுக்குள் விழுகின்றன என்று கேட்க அவளுக்கு உரிமை உண்டா? இதுவே இன்று நம் முன் நிற்கும் கேள்வி.

சம்பளப் பேச்சுவார்த்தையைக் கவனிக்க வேண்டிய சங்கத்துக்கும் கணினிக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. தோட்டத்துத் தொழிலாளியின் கணக்கு ஒரு காலத்தில் தோட்டத்து ஆபீசில் மட்டுமே இருந்தது. செக்ரோலில் அரை நாள் பேர் விழுந்திருந்தால், மறுநாள் விடியற்காலை பெரட்டில் நின்று, "கிராணியாரே, நேற்று நான் முழு நிரையும் வெட்டினேனே, ஏன் அரை நாள்?" என்று முகத்துக்கு நேரே கேட்கலாம். பக்கத்தில் தோட்டக் கமிட்டித் தலைவர் நிற்பார். கணக்கைத் திருத்தாமல் கிராணி காட்டுக்குப் போக முடியாது. செக்ரோல் எழுதும் தொழிலைச் செய்பவன் என்ற முறையில் ஒன்றை உறுதியாகச் சொல்வேன்: மனிதன் எழுதும் எந்த ஏட்டிலும் பிழை வரும். அது திருத்தப்படுவது ஏட்டின் பெருமையால் அல்ல. கேட்பதற்கு ஆளும், பதில் சொல்வதற்கு ஆளும் இருப்பதால்தான்.

இன்று குருண், பீடோங், சுங்கை பட்டாணி வட்டாரத்தில் எத்தனையோ தோட்டங்களில் ரப்பர் மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயத்தில் இருந்தவர்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் போய்விட்டார்கள். பெரட்டும் கமிட்டியும் இல்லாத இடத்தில் அவர்களுக்கு மிஞ்சியிருப்பது அரசாங்க உதவி. சும்பாங்கான் துனாய் ரஹ்மா எனப்படும் ரொக்க உதவி, மைகாட்டைக் காட்டிச் சாமான் வாங்கும் சாரா உதவி, சமூக நல இலாகாவின் மாத உதவி, வறியோர் பட்டியலான இ-காசே ஆகிய அனைத்துக்கும் ஆதாரம் கணினியில் ஏறியிருக்கும் நம் விவரங்களே.

2024 ஜனவரி 2-ஆம் நாள் மத்திய அரசாங்கம் 'பாடு' என்னும் முதன்மைத் தரவுத்தளத்தைத் தொடங்கியது. மலாய்ச் சொற்களின் சுருக்கம்தான் அது. ஆனாலும் தமிழனின் காதுக்கு அதன் பொருள் சரியாகவே விழுகிறது. நம்முடைய பாட்டை எல்லாம் எழுதி வைக்கும் ஏடு அது. மார்ச் 31-க்குள் அனைவரும் விவரங்களைப் பதிய வேண்டும் என்றார்கள். வருமானம், குடும்பம், வீடு, கடன் என்று கேள்விகள் நீண்டன. ஆனால் தொடங்கிய உடனேயே, பிறர் அடையாள அட்டை எண்ணைக் கொண்டு வேறொருவர் பதிவு செய்துவிட முடிகிறது என்ற ஓட்டையை முன்னாள் துணையமைச்சர் ஓங் கியான் மிங் வெளிப்படையாகச் சுட்டிக்காட்டினார். பொருளாதார அமைச்சு பின்னர் அதை அடைத்தது. அடைத்ததைப் பாராட்டுவோம். ஆனால் நாட்டு மக்கள் அனைவரின் பாட்டையும் வைக்கப்போகும் பெட்டிக்குப் பூட்டு சரியாக இருக்கிறதா என்று திறப்பு விழாவுக்கு முன்பே பார்த்திருக்க வேண்டாமா?

பூட்டு இருக்கட்டும், சட்டம் என்ன சொல்கிறது? நம் நாட்டில் 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. 2024-ல் நாடாளுமன்றம் அதைத் திருத்திக் கடுமையாக்கியது. 2025 ஜூன் 1 முதல், வாடிக்கையாளர் விவரங்கள் கசிந்தால் கம்பெனிகள் 72 மணி நேரத்துக்குள் ஆணையரிடம் அறிவிக்க வேண்டும். தரவுப் பாதுகாப்புக் கொள்கைகளை மீறினால் அபராதம் பத்து லட்சம் வெள்ளி வரை போகும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே சட்டத்தின் மூன்றாம் பிரிவைப் படியுங்கள்: மத்திய அரசாங்கத்துக்கும் மாநில அரசாங்கங்களுக்கும் இச்சட்டம் பொருந்தாது! கைப்பேசி விற்கும் கம்பெனி நம் பெயரைக் கசியவிட்டால் குற்றம்; நம் நோயையும் வறுமையையும் எழுதி வைத்திருக்கும் இலாகா கசியவிட்டால் அச்சட்டம் வாய் திறக்காது. 2024-ன் திருத்தமும் இந்த விலக்கைத் தொடவில்லை. பயிருக்குப் போட்ட வேலி வீட்டுக்காரன் மாட்டுக்கு மட்டும் திறந்துவிடுமானால் அதை வேலி என்று எப்படிச் சொல்வது?

இதன்மேல் 2025 ஏப்ரல் 28 முதல் தரவுப் பகிர்வுச் சட்டம் நடப்புக்கு வந்திருக்கிறது. ஒரு மத்திய இலாகாவிடம் உள்ள விவரத்தை இன்னொரு மத்திய இலாகா கேட்டுப் பெற அது வழி செய்கிறது. ஒரே பத்திரத்தை நாலு ஆபீசுக்குத் தூக்கிக்கொண்டு அலையும் தொல்லை குறையலாம், அது நன்மையே. ஆனால் ஓர் இலாகாவில் விழுந்த பிழை மற்ற இலாகாக்களுக்கும் அதே வேகத்தில் பரவும் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

இனி, செயற்கை நுண்ணறிவு என்று இப்போது எல்லோரும் பேசும் கருவிக்கு வருவோம். 2025-ல் நம் நாட்டில் ஏறத்தாழ 445,000 அரசாங்க ஊழியர்கள் கூகுள் கம்பெனியின் ஜெமினி என்னும் கருவியை அலுவலகப் பணிக்குப் பயன்படுத்த ஏற்பாடாயிற்று. கடிதம் எழுதவும், நீண்ட அறிக்கையைச் சுருக்கவும் அது உதவும். உதவட்டும். ஆனால் அந்த அறிக்கையில் இருப்பது யாருடைய வாழ்க்கை?

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே குழந்தைகளைக் காக்கும் இலாகாவின் ஊழியர் ஒருவர், நீதிமன்றத்துக்குப் போகவேண்டிய அறிக்கையைச் சாட்ஜிபிடி என்னும் கருவியைக் கொண்டு எழுதினார். குழந்தையின் அந்தரங்கமான விவரங்களை எல்லாம் வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றின் கணினிக்குள் கொட்டினார். தந்தை தகாத செயலுக்குப் பயன்படுத்தியதாகப் புகார் வந்திருந்த ஒரு பொம்மையை, பெற்றோர் பிள்ளையின் வயதுக்கேற்ற விளையாட்டுச் சாமான் வாங்கித் தந்ததற்கு அடையாளமாக அவ்வறிக்கை காட்டியது. ஆபத்தே நற்சான்றாக மாறிவிட்டது! நல்ல வேளையாக வழக்கின் முடிவு அதனால் மாறவில்லை. அம்மாநிலத்தின் தகவல் ஆணையர் அலுவலகம் விசாரித்து, 2024 செப்டம்பரில் தீர்ப்பை வெளியிட்டது. அந்த இலாகாவில் ஏறத்தாழ 900 ஊழியர்கள் ஆறு மாதத்துக்குள் அக்கருவியின் பக்கத்துக்குப் போயிருந்தது தெரியவந்தது. குழந்தைப் பாதுகாப்பு ஊழியர்களுக்கு அத்தகைய கருவிகளை 2024 நவம்பருக்குள் அடைத்துவிட வேண்டும் என்று ஆணையர் உத்தரவிட்டார்.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள் உள்ளன. கருவி பொய்யை மெய்போல அழகாக எழுதும் என்பது ஒன்று. அதைவிடப் பெரிய பாடம், அங்கே இலாகாவை விசாரித்து "நிறுத்து" என்று உத்தரவிட அரசாங்கத்தின் மேலும் அதிகாரம் உள்ள ஓர் ஆணையர் இருந்தார் என்பது. நம் சட்டத்தில் அந்த நாற்காலி எங்கே?

கருவி எழுதுவதோடு நில்லாமல், யாருக்கு உதவி என்று கணக்கிடவும் தொடங்கினால் என்ன ஆகும்? அதே ஆஸ்திரேலியாவில் 2016 முதல் 2019 வரை 'ரோபோடெட்' என்று மக்கள் பெயரிட்ட ஒரு முறை நடந்தது. அது அறிவுள்ள கருவிகூட அல்ல. வெறும் வகுத்தல் கணக்கு. ஒருவர் ஆறு மாதம் வேலை செய்து 12,000 வெள்ளி சம்பாதித்து, மற்ற ஆறு மாதம் வேலையில்லாமல் உதவி பெற்றார் என்று வைத்துக்கொள்வோம். கணினி 12,000-ஐ வருஷம் முழுவதற்கும் சமமாக வகுத்து, இடைவிடாமல் பணம் வந்ததாகத் தீர்த்துவிடும். ஆகவே வாங்கிய உதவியைத் திருப்பிக் கட்டு என்று கடிதம் போகும். நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட ஏழைகள் இப்படிச் சட்டவிரோதமாகக் கடன்காரர்களாக்கப்பட்டார்கள். 2023 ஜூலையில் அரச விசாரணை ஆணையம் அதை வன்மையாகக் கண்டித்தது.

பால்வெட்டுத் தொழிலாளிக்கு இந்தக் கணக்கின் கொடுமையை விளக்க வேண்டியதில்லை. மழை பெய்தால் வெட்டில்லை. இலையுதிர் காலத்தில் பால் வற்றும். ரப்பர் விலை ஏறினால் ஒரு சம்பளம், இறங்கினால் வேறு சம்பளம். நல்ல மாதத்துச் சம்பளச் சீட்டை வைத்து வருஷம் முழுவதையும் அளந்தால், அடுப்பு எரியாத மாதத்திலும் நாம் பணக்காரர்களாகத்தான் தெரிவோம்.

இன்னொரு சான்று இந்தியாவின் தெலங்கானா மாநிலத்திலிருந்து வருகிறது. அங்கே 2014-க்கும் 2019-க்கும் இடையில் 18 லட்சத்துக்கும் மேற்பட்ட ரேஷன் கார்டுகள் ரத்தாயின. பல இலாகாக்களின் ஏடுகளை இணைத்து ஆளை அடையாளம் காணும் 'சமக்ர வேதிகா' என்ற கணினி முறையும் இதில் பங்குகொண்டது. ரிக்ஷா ஓட்டிப் பிழைத்த ஒருவரை, பெயர் ஒத்திருந்த கார் முதலாளி என்று எண்ணி, அவர் குடும்பத்தின் அரிசியை நிறுத்திவிட்டார்கள். 2022 ஏப்ரலில் இந்திய உச்ச நீதிமன்றம், ரத்தான கார்டுகளை நேரில் போய்ச் சரிபார்க்கும்படி உத்தரவிட்டது.

பெயர்க் குழப்பம் என்றால் அதில் நம்மை மிஞ்ச யார்? தமிழ் தெரியாத குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதிய காலம் ஒன்று இருந்தது. லெட்சுமி என்ற ஒரே பெயருக்கு ரோமன் எழுத்தில் எத்தனை உருவம்! பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் தகப்பன் பெயர் ஒரு விதம், தகப்பனின் அடையாள அட்டையில் வேறு விதம். அட்டை எண் இருக்கிறதே என்பார்கள். எண் ஆளைக் காட்டும், உறவைக் காட்டாது. கோயிலில் தாலி கட்டிப் பதிவு செய்யாத மனைவியை எந்த எண்ணும் மனைவி என்று சொல்லாது. இதையெல்லாம் விசாரித்துத் தெரிந்துகொள்ள மனிதன் வேண்டும்.

நாம் கணினிக்கு விரோதிகள் அல்ல. மைகாட்டை வைத்தே உதவி கிடைப்பதால் தரகனுக்கும், "உன் பாரத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று கமிஷன் பிடித்தவனுக்கும் வேலை போனது. 2025 ஆகஸ்ட் 31 முதல் பதினெட்டு வயதைத் தாண்டிய குடிமக்கள் ஏறத்தாழ 22 மில்லியன் பேருக்கு நூறு வெள்ளி சாரா உதவி விண்ணப்பமே இல்லாமல் மைகாட்டில் ஏறியது. அது நல்ல காரியம். எல்லோருக்கும் கொடுக்கும்போது ஒருவனையும் துருவ வேண்டியதில்லை என்பதையும் அது காட்டியது. சிலரை மட்டும் பொறுக்கும்போதுதான் துருவல் வருகிறது. துருவலில்தான் அநீதியும் நுழைகிறது.

அரசாங்கத்தைக் கேட்கும் நாம் நம் வீட்டையும் பெருக்க வேண்டும். கிளைகளில் பாரம் நிரப்பிக் கொடுக்கும் தோழர்கள், உறுப்பினரின் அடையாள அட்டையைப் படம் பிடித்து வாட்ஸ்அப் கூட்டத்தில் போடும் வழக்கத்தை இன்றே விட வேண்டும். மேல்முறையீட்டுக் கடிதம் எழுத இலவசக் கருவியிடம் உதவி கேட்பவர்கள், பெயர், எண், நோய் ஆகியவற்றை அதற்குள் இடக்கூடாது. காரியம் முடிந்ததும் படங்களை அழித்துவிட வேண்டும்.

அரசாங்கத்திடம் நம் கோரிக்கைகள் இவை:

முதலாவது, தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மத்திய, மாநில அரசாங்கங்களையும் கட்டுப்படுத்த வேண்டும். இலாகாக்களை விசாரிக்கும் அதிகாரம் ஆணையருக்கு வேண்டும்.

இரண்டாவது, உதவி கேட்டு வந்தவரின் விவரங்களை வெளியார் கருவிகளில் இடுவதைச் சட்டமே தடுக்க வேண்டும். வழிகாட்டிக் குறிப்பு மட்டும் போதாது; ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

மூன்றாவது, உதவியை மறுக்கவோ நிறுத்தவோ முடிவு செய்பவர் பெயர் சொல்லக்கூடிய ஓர் அதிகாரியாக இருக்க வேண்டும். அம்முடிவில் கணினிக்குப் பங்கு இருந்தால் அதையும், மறுப்பின் காரணத்தையும் விண்ணப்பித்தவருக்குப் புரியும் மொழியில் எழுத்தில் தர வேண்டும்.

நான்காவது, தன்னைப் பற்றி எழுதியிருப்பதைப் பார்க்கவும் பிழையைத் திருத்தவும் ஒவ்வொருவருக்கும் உரிமை வேண்டும். விசாரணை முடியும்வரை உதவியை நிறுத்தக் கூடாது.

தோழர்களே! கிளைக் கூட்டங்களில் இதைத் தீர்மானமாக நிறைவேற்றித் தலைமையகத்துக்கு அனுப்புங்கள். உதவி மறுக்கப்பட்டவர்கள் மனம் சோர்ந்து வீட்டில் இருந்துவிடாமல், கடிதத்தோடு கிளைச் செயலாளரிடம் வாருங்கள். காரணம் சொல்லாத கடிதம் வந்தால் காரணம் கேட்டு நாமே எழுதுவோம். பெரட்டில் நின்று கேட்ட உரிமையை இலாகாவின் வாசலிலும் கேட்போம். நம் பாட்டை எழுதி வைக்க அரசாங்கத்துக்கு அதிகாரம் உண்டென்றால், அதை எப்படி எழுதினாய் என்று கேட்க நமக்கும் அதிகாரம் உண்டு.